மருந்துச் சீட்டுக்கும் கணக்குக் கேட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல், நாகர்கோவில் என்று நம் மாவட்டத்தில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் அங்கே எச்1 பதிவேடு என்று ஒன்று இருந்தாக வேண்டும். 2014 மார்ச் 1 முதல் இது கட்டாயம். எச்1 அட்டவணை என்பது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, விற்றால் தனியாகக் கணக்கும் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். அது நடைமுறைக்கு வந்தபோது அதில் 46 மருந்துகள் இருந்தன. அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடெம் போன்ற தூக்க மருந்துகள், டிரமடால், கோடீன் போன்ற வலி மருந்துகள், செஃபிக்சிம், செஃப்டிரையாக்சோன், லீவோஃப்ளாக்சசின், மெரோபெனம் போன்ற ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள் எல்லாம் அதில் அடக்கம். இவற்றில் ஒன்றை விற்றால் சீட்டு எழுதிய மருத்துவரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயரும், மருந்தின் பெயரும், கொடுத்த அளவும் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும்.

ஆய்வாளர் அதில் என்ன பார்க்கிறார்? கடைக்காரர் ஒழுங்காக எழுதியிருக்கிறாரா, வாங்கிய அளவும் விற்ற அளவும் கையிருப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார். அது அவருடைய வேலை. ஆனால் அதே பக்கங்களில் ஒரே மருத்துவரின் பெயருக்கு நேரே, ஒரே நோயாளிக்கு, மாதந்தோறும் தூக்க மாத்திரை வரிசையாக ஏறியிருந்தால் அது கடையின் தவறு ஆகாது. அதனால் அது எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. மருத்துவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குத்தான் உண்டு. அங்கேயோ பெரும்பாலும் யாராவது புகார் கொடுத்தால்தான் விசாரணை தொடங்குகிறது. முறையற்ற மருந்துச் சீட்டுகளுக்கான சாட்சி நம் மாவட்டத்துக் கடைகளில் இருக்கிறது. தண்டிக்கும் அதிகாரம் சென்னையில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மருத்துவர்களின் தொழில் ஒழுக்கம் பற்றிய 2002ஆம் ஆண்டு விதிமுறைகள்தான் இன்றும் செல்லுபடியாகின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டு 2 அன்று புதிய விதிமுறைகளை அறிவித்தது. அதே மாதம் 23ஆம் தேதி அவற்றை நிறுத்திவைத்தது. ஆகவே பழையவைதான் நடப்பில் உள்ளன. அவற்றின் 7.8ஆம் விதி, கட்டாயமான மருத்துவக் காரணம் இல்லாமல் ஸ்டீராய்டும் மனநிலையை மாற்றும் மருந்துகளும் எழுதிக் கொடுப்பதைக் கடுமையான தொழில் ஒழுக்கக்கேடு என்று நேரடியாகவே சொல்கிறது. 2016இல் திருத்தப்பட்ட 1.5ஆம் விதி, மருந்தை அதன் மூலப்பெயரில், தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும், எழுதுவது அறிவுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு சீட்டிலும் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்கிறது 1.4.1. மருந்து நிறுவனங்களிடம் பரிசு வாங்கினால் என்ன தண்டனை என்பதற்கு 6.8ஆம் விதியின் கீழ் பட்டியலே உண்டு. 1,000 ரூபாய்க்கு மேல் 5,000 வரை என்றால் கண்டனம், 10,000 வரை 3 மாதப் பதிவு நீக்கம், 50,000 வரை 6 மாதம், 1 லட்சம் வரை ஓர் ஆண்டு, அதற்கும் மேல் போனால் ஓர் ஆண்டுக்கும் கூடுதலாக.

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, எழுதிக் கொடுத்த மருத்துவர் கைது செய்யப்பட்டார். அது சரியா என்று நம் ஊர் மருத்துவர்களும் கொதித்துப் பேசினார்கள். அந்த நிகழ்வில் இரண்டு தவறுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாடு அரசின் ஆய்வகம் கண்டது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஆலையின் குற்றம். புட்டியைப் பார்த்து எந்த மருத்துவரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்த மருந்தைப் போல் குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. நஞ்சே கலக்காத நல்ல மருந்தாக இருந்தாலும் 2 வயதுக் குழந்தைக்கு அதை எழுதுவது தவறுதான். இந்த இரண்டாவது தவறைத்தான் மருத்துவக் கவுன்சில் விசாரிக்க வேண்டும், அதுவும் குழந்தை இறந்த பிறகு அல்ல. அந்தத் தவறு நம் மாவட்டத்திலும் நடக்கிறது. சளி பிடித்த கைக்குழந்தைக்கு மூன்று மருந்து சேர்ந்த சிரப் எழுதிய சீட்டு எந்தக் கடைக்கும் புதிதல்ல.

இங்கே அதிகம் காணப்படும் வகைகளைச் சொல்கிறோம். முதலில் காய்ச்சல் ஊசி. காய்ச்சலோடு வருகிறவருக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசியும் சேர்த்துப் போடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் வியர்த்துக் காய்ச்சல் இறங்கும், உடம்பு வலி போகும், பசி எடுக்கும். 'கைராசி' என்ற பேரும் வரும். 8 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்பது பிரெட்னிசலோன் என்ற வழக்கமான ஸ்டீராய்டு மாத்திரையில் சுமார் 50 மில்லிகிராமுக்குச் சமம். சர்க்கரை நோயாளிக்கு அன்றிரவே சர்க்கரை ஏறும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டெங்குவில் டைக்ளோஃபெனாக் இரத்தக்கசிவைக் கூட்டும். தசையில் ஊசி போடுவதையே தவிர்க்கச் சொல்கிறார்கள். எலிக்காய்ச்சலில் ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிட, நோயாளி நன்றாக இருப்பதாக நினைத்து வேலைக்குப் போவார். சிறுநீரகமும் கல்லீரலும் கெட்ட பிறகுதான் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேருவார்.

ஊசியை விடக் கெடுதல் நாள்பட்ட மாத்திரை. மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் 0.5 மில்லிகிராம் மாத்திரையைப் பெயர் சொல்லாமல் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு மாத்திரை ஏறக்குறைய 4 மில்லிகிராம் பிரெட்னிசலோன். மூன்று வாரத்துக்கு மேல் போனால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துவிடும். பிறகு திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழும், வாந்தி, மயக்கம் வரும். அதனால் நோயாளியால் அந்த மருத்துவரை விட்டு வெளியே போகவும் முடியாது. முகம் உப்பி, வயிறு பெருத்து, கண்புரையும் எலும்புத் தேய்வும் வந்த பிறகு 'பழைய மாத்திரை என்ன?' என்று கேட்டால் பதில் சொல்ல அவரிடம் ஒரு காகிதமும் இருக்காது. கடுமையான ஆஸ்துமாவிலும் சில மூட்டு, தோல் நோய்களிலும் இதே மருந்துதான் உயிர் காக்கிறது. அதனால்தான் விதி 'கட்டாயமான காரணம் இல்லாமல்' என்று அளந்து பேசுகிறது. நோயும், அளவும், எத்தனை நாள் என்பதும், எப்படிக் குறைத்துக்கொண்டு வருவது என்பதும் சீட்டில் இருந்தால் அது மருத்துவம்.

அடுத்தது படர்தாமரைக் களிம்பு. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், நாள் முழுதும் ஈர உடையில் நிற்கிறவர்கள் நம்மிடம் அதிகம். அவர்களுக்குத் தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு, குளோபெட்டசால் என்ற மிக வலுவான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்த களிம்பை எழுதுகிறார்கள். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை நிற்காது. தோல் மெலிந்து கோடு கோடாக வெடிக்கும், வட்டம் உருமாறிப் பரவும், தோல் மருத்துவரே அடையாளம் காணத் தடுமாறுவார். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை 2018இல் எச் அட்டவணையில் சேர்த்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றார்கள். சீட்டே தவறாக இருக்கும்போது அந்தக் கட்டுப்பாடு என்ன செய்யும்?

தூக்க மாத்திரை விஷயத்தில் தவறு சீட்டின் ஆயுளில் இருக்கிறது. ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து கொடுக்கலாம். இத்தனை முறை கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் மட்டுமே மறுபடியும் கொடுக்கலாம். கொடுத்ததும் கடைக்காரர் தம் கடைப்பெயரையும் தேதியையும் சீட்டில் குறிக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் வயதான ஓர் அம்மாவின் அல்பிரசோலம் சீட்டு மடித்து மடித்துக் கிழியும் வரை ஓடுகிறது. நான்கு வாரத்துக்குள்ளேயே பழக்கமாகிவிடக் கூடிய மருந்து அது. நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகும், சிலருக்கு வலிப்பும் வரும். இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவது வயதானவர்களுக்கு நடக்கிறது. டிரமடாலும் சேர்ந்தால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு. தொலைபேசி, வாட்ஸ்அப் வழி ஆலோசனையில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் இத்தகைய மருந்துகளை எழுதவே கூடாது என்று 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. அது 2002 விதிமுறைகளின் இணைப்பாகவே ஆகிவிட்டது. வளைகுடாவில் இருக்கும் மகன் படம் அனுப்பி, இங்கே அம்மாவுக்கு மாத்திரை வாங்கச் சொல்லும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆன்டிபயாடிக் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவருக்குச் சளிப் பரிசோதனை செய்யாமல் லீவோஃப்ளாக்சசின் எழுதினால், காசநோய் தற்காலிகமாக அடங்கி, கண்டுபிடிப்பது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அதற்குள் வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றிவிடும்.

இவ்வளவும் எழுதியதால் அதிகம் எழுதும் மருத்துவர் எல்லாரையும் குற்றவாளி ஆக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. புற்றுநோயாளியின் வலியைத் தணிக்கும் மருத்துவர் மார்ஃபின் எழுதித்தான் ஆக வேண்டும். மனநல மருத்துவரின் பெயர் எச்1 பதிவேட்டில் மற்றவர்களை விட அதிகமாக ஏறத்தான் செய்யும். தண்டனைக்குப் பயந்து அவர்கள் கையைக் கட்டிக்கொண்டால் துன்பப்படுவது நோயாளிகள். எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. நோய் என்ன, பரிசோதித்தாரா, மாற்று மருந்து முயன்றாரா, எழுதிவைத்தாரா என்று பார்க்க வேண்டும். தவறு என்று அறியாமல் எழுதிய பழைய கூட்டு மருந்துக்கு எச்சரிக்கையும் பயிற்சியும் போதும். எச்சரித்த பிறகும் தொடர்ந்தால் சில மாதப் பதிவு நீக்கம். பார்க்காத நோயாளிக்குக் காசுக்குச் சீட்டு விற்பவருக்கு நிரந்தர நீக்கம். இந்தப் படிநிலையை விதி தடுக்கவில்லை, 8.2ஆம் விதி தகுந்த தண்டனையைத் தீர்மானிக்கும் உரிமையைக் கவுன்சிலிடமே விட்டிருக்கிறது.

இனி, பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியவை. முதல் தடை ஆவணம். உள்நோயாளியாக இருந்தவரின் பதிவேடுகளை 3 ஆண்டு வைத்திருக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் மருத்துவர் கடமைப்பட்டவர். கொடுக்காவிட்டால் அதுவே ஒழுக்கக்கேடு. ஆனால் இந்த விதி பேசுவது உள்நோயாளியைப் பற்றி. கிளினிக்கில் பார்த்துவிட்டு வருகிற வெளிநோயாளிக்குக் கையில் இருக்கும் சீட்டுதான் ஒரே சாட்சி. சீட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள எக்ஸ் அட்டவணை மருந்துக்கு மட்டும்தான் சீட்டு இரண்டு பிரதியாக எழுதப்பட்டு ஒன்று கடையில் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் உங்களுடையது.

பல சிறு கிளினிக்குகளில் சீட்டே கிடையாது. வெள்ளைக் காகித உறையில் மூன்று நிற மாத்திரைகளை நறுக்கிப் போட்டு 'காலை இரவு' என்று எழுதித் தருவார்கள். மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது, நிபந்தனையோடு. உரிமம் உள்ளவரிடம் வாங்கி, கொள்முதல் கணக்கை வைத்திருக்க வேண்டும். எச் அட்டவணை மருந்தானால் உறையில் மருத்துவரின் பெயரும் முகவரியும் அளவும் இருக்க வேண்டும். மருந்தின் பெயர், நோயாளியின் பெயர், தேதி ஆகியவை ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேட்டை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பெயரில்லாத உறை கிடைத்தால் மாத்திரையின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் உறையையும் மிச்ச மாத்திரைகளையும் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள், உறையின் இரு பக்கத்தையும் படம் எடுங்கள். இந்த வகைப் புகாரை மருந்து ஆய்வாளருக்கும் அனுப்பலாம், ஏனென்றால் மருத்துவரின் கொள்முதல் பதிவைப் பார்க்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

கடை பில்லும் வேண்டும். அதில் மருத்துவர் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மருத்துவர் பெயருக்கான இடத்தில் கணினி வழக்கமாகப் போடும் ஏதோ ஒரு பெயர் வந்திருந்தால் திருத்திக் கேளுங்கள். அந்தப் பொய்ப் பெயர்தான் பிறகு பதிவேட்டையும் பயனற்றதாக்குகிறது.

புகாரைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவாளருக்கு எழுதுங்கள். மருத்துவரின் பெயர், பதிவு எண், கிளினிக் முகவரி முதலில் வரட்டும். சீட்டில் பதிவு எண் இல்லையென்றால் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரை வைத்துத் தேடலாம், எண் இல்லாததையும் புகாரில் ஒரு குறையாகச் சேர்க்கலாம். பிறகு தேதிவாரியாக, எந்த நாளில் என்ன தொந்தரவுக்குப் போனீர்கள், என்ன பரிசோதித்தார், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், பிறகு என்ன ஆயிற்று, வேறு மருத்துவர் பார்த்து என்ன சொன்னார் என்று எழுதுங்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் எண் போட்டு, எந்த வாக்கியத்துக்கு எந்த எண் ஆதாரம் என்று குறியுங்கள். நகல்களை மட்டும் அனுப்புங்கள். கையெழுத்தும் முகவரியும் இல்லாத புகார் நிற்காது. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

புகார்கள் விழுந்துபோகும் காரணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. நஷ்டஈடு கேட்டுக் கவுன்சிலுக்கு எழுதுகிறார்கள். நஷ்டஈடு வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அது நுகர்வோர் ஆணையத்தின் வேலை, அங்கே 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் தனித்தனியாக நடத்தத் தடையில்லை. சிலர் ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். 'தவறான சிகிச்சை, கடும் நடவடிக்கை தேவை' என்று இரண்டு பக்கம் எழுதியிருப்பார்கள், மருந்தின் பெயர் ஓர் இடத்திலும் இருக்காது. மருத்துவப் பட்டமே இல்லாதவர் மீதான புகாரைக் கவுன்சிலுக்கு மட்டும் அனுப்பினால் பயனில்லை. அவர் பெயர் அதன் பதிவேட்டில் இல்லை. அதைக் காவல்துறைக்கும் நாகர்கோவிலில் இருக்கும் மருத்துவ, ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் கொடுக்க வேண்டும். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால் 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல், களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களில் பாதி வீடுகளுக்குத் திருவனந்தபுரம்தான் பெரிய ஆஸ்பத்திரி. பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ பார்த்த மருத்துவர் கேரளத்தில் பதிவு செய்தவராக இருப்பார். அவர் மீதான புகார் அரும்பாக்கத்துக்குப் போனால் திரும்பி வரும். கேரள மாநில மருத்துவக் கவுன்சிலுக்குத்தான் எழுத வேண்டும், அது திருவனந்தபுரத்தில் இருக்கிறது. நம்மவர்களுக்குச் சென்னையை விட அது எவ்வளவோ பக்கம். மருந்து வாங்கியது மார்த்தாண்டத்துக் கடையில் என்றால் கடை மீதான புகார் மட்டும் தமிழ்நாட்டு ஆய்வாளருக்கு.

புகார் வந்த பிறகு மருத்துவருக்கு அறிவிப்பு போகும், பதில் கேட்கப்படும், நேரிலோ வழக்கறிஞர் மூலமோ அவர் பேசலாம். 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது 8.4ஆம் விதி. விசாரணை நடக்கும்போதே சர்ச்சைக்குரிய சிகிச்சையைச் செய்யாமல் அவரைத் தடுத்துவைக்க 8.5 இடம் தருகிறது. புகாரிலேயே அதைக் கேட்கலாம். மேல்முறையீட்டில் ஓர் அநீதி இருக்கிறது. 2002 விதிகளின் 8.8, கவுன்சில் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் 60 நாளில் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. 2019 சட்டத்தின் 30(3)ஆம் பிரிவோ மருத்துவரைப் பற்றி மட்டும் பேசுகிறது. இதைக் காரணம் காட்டி நோயாளிகளின் மேல்முறையீடுகள் டெல்லியில் இருக்கும் தேசிய மருத்துவ ஆணையத்தில் திருப்பி அனுப்பப்பட்டதுண்டு. தண்டிக்கப்பட்ட மருத்துவருக்கு இருக்கும் கதவு, பிள்ளையை இழந்த தாய்க்கு அந்தச் சட்டத்தின் எழுத்தில் இல்லை. நம் நாடாளுமன்ற உறுப்பினர் இதைச் சபையில் எழுப்ப வேண்டும்.

சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் மாவட்ட அளவிலேயே செய்யக் கூடியது எச்1 பதிவேட்டைப் படிப்பது. மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகம், ஆய்வின்போது பார்க்கும் பதிவேடுகளில் இருந்து அல்பிரசோலம், டிரமடால், செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் ஆகிய நான்கை மட்டும் எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர்வாரியாகத் தொகுக்கட்டும். நோயாளிகளின் பெயர்களை நீக்கிவிட்டு இணை இயக்குநருக்கு அனுப்பட்டும். மனநல மருத்துவர், வலி நிவாரண மருத்துவர் போன்றவர்களைத் தனியே பிரித்த பிறகும் அளவுக்கு மீறி நிற்கும் பெயர்கள் இருந்தால், முதலில் அந்த மருத்துவரிடமே எழுத்தில் விளக்கம் கேட்கட்டும். விளக்கம் பொருந்தாவிட்டால் கவுன்சிலுக்கு அனுப்பட்டும். ஸ்டீராய்டு எச்1இல் இல்லை என்பது இதில் பெரிய ஓட்டை. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் மாத்திரைகளையும் அந்த அட்டவணையில் சேர்க்கத் தமிழ்நாடு அரசு மத்திய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அதுவரை பில் புத்தகங்களைப் பார்த்தாலே ஓரளவு தெரியும்.

மருந்தாளுநர்களையும் காப்பாற்ற வேண்டும். பல மருந்துக்கடைகள் கிளினிக் இருக்கும் அதே கட்டடத்தில், அதே உரிமையாளரின் கீழ் இருக்கின்றன. 'இந்தச் சீட்டு சரியில்லையே' என்று கேட்கிற மருந்தாளுநருக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது. தகவல் தருபவரின் பெயரை வெளியிடாமல் ஏற்கும் வழி உதவி இயக்குநர் அலுவலகத்தில் இருந்தால்தான் அவர்கள் வாய் திறப்பார்கள். விசாரணைக்குப் புகார்தாரர் சென்னைக்குப் போய்வர ஓர் இரவு ரயிலும் ஒரு நாள் கூலியும் செலவு. அதற்கே பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். காணொலி வழியாக நாகர்கோவிலில் இருந்தே ஆஜராகக் கவுன்சில் அனுமதிக்க வேண்டும்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். ஒரு மருத்துவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டால் அதை உள்ளூர்ப் பத்திரிகைகளில் பரவலாக வெளியிட வேண்டும் என்று 8.2ஆம் விதி சொல்கிறது. நீக்கப்பட்ட காலத்தில் அவர் சீட்டு எழுதினால் அதற்கு மருந்து கொடுக்கக் கூடாது. ஆனால் கடைக்காரருக்கு அது தெரிய வழியில்லை. நம் மாவட்டத்து மருத்துவர்கள் மீதான அத்தகைய உத்தரவுகளைக் கவுன்சிலிடம் கேட்டுப் பெற்று, எந்த விதியை மீறினார், எத்தனை மாத நீக்கம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற விவரத்தோடு நாகர்கோவில் பதிப்பில் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.